வலது கைக்கு இரண்டு தகடு

என் வலது முன்கையில் இரண்டு நீளத் தழும்புகள் இருக்கின்றன. பிரசவம் ஆன வீட்டுக்குக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனால், குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் பெண்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே இரும்பு இருக்கிறது என்று சொன்னால் சிலர் தொட்டுப் பார்ப்பார்கள், சிலர் பயந்து கையை இழுத்துக்கொள்வார்கள். போன வாரம் அப்படிப் போன ஒரு வீட்டில் குழந்தையின் அப்பா வாசல்வரை வந்து கேட்டார்.

“மிஸ்ஸி, என் தம்பிக்குக் கை ஒடிஞ்சிருக்கு. தகடு வைக்கணுமாம். விலை கூடினது வேணுமா, ஆஸ்பத்திரியில இருக்கிறதே போதுமான்னு டாக்டர் கேக்குறாரு. நீங்க எதை வச்சீங்க? எது நல்லது?”

சைக்கிளில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது எல்லாமே நினைத்துச் சிரிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்போது அப்படி இல்லை.

நான் அரசாங்க மருத்துவச்சி, இங்கே சொல்கிற மாதிரி மிஸ்ஸி. பெயர் சரோஜா. எங்கள் வீடு மலாக்காவில், காஜா பெராங்கில். என் வீட்டுக்காரர் மராமத்து இலாகா ஸ்டோரில் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. ரோடு, பாலம், படகுத்துறை வேலைக்கு வரும் ஆணி, கீல், தகரம், சிமெண்ட் எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். நல்ல மனுஷர், ஆனால் எதை வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு ஒரு காகிதத்தில் கோடு போட்டு எழுதிப் பார்க்காமல் வாங்க மாட்டார். எங்கள் மகள் வசந்தாவுக்குச் செருப்பு வாங்குவதற்குக்கூட ஒரு காகிதம் உண்டு. பக்கத்து வீட்டு மீனாச்சி அக்கா மலாக்காச் செட்டிக் குடும்பம், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்தவர்கள். பெயர் தமிழ், கோயில் நம்ம கோயில், பேச்சு மட்டும் மலாய். பத்து வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மலாயில்தான் பேசிக்கொள்கிறோம். அவரும் ஆஸ்பத்திரியில் மற்றவர்களும் மலாயில் சொன்னதை எல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மலாயா சுதந்திரம் வாங்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். செமாபோக்கில் ஒரு வீட்டில் பிள்ளைக்குத் தொப்புள் காய்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். முதல் நாள் மழை. கால்வாயின் மேல் போட்டிருந்த பலகையில் சைக்கிள் சக்கரம் வழுக்கியது. விழும்போது யாராக இருந்தாலும் கையை ஊன்றத்தான் பார்ப்பார்கள். நானும் ஊன்றினேன். பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வலி அப்புறந்தான் வந்தது. கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் இன்னொரு மடிப்பு இருந்தது.

அந்த வீட்டுப் பாட்டியம்மா ஓடி வந்தார். என்னைப் பார்த்து அழுதார், அழுதுகொண்டே வேலையும் பார்த்தார். குடையை மடக்கிக் கையோடு வைத்து, ஒரு சாரோங்கைக் கிழித்துச் சுற்றிக் கட்டினார். திரிஷா வண்டி பிடித்து என்னை ஏற்றிவிட்டு, “என் பேரனைத் தூக்கின கை ஆச்சே!” என்றார். வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் கோ அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முப்பத்தைந்து வயசு இருக்கும், சீனர், மெதுவாகப் பேசுவார், அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஐந்து மாசந்தான் ஆகியிருந்தது. முன்கையில் இரண்டு எலும்பு. ஒன்று அசையாமல் நிற்கும், இன்னொன்று அதன்மேல் உருண்டு திரும்பும். உள்ளங்கையை வானம் பார்க்கவும் தரை பார்க்கவும் நம்மால் திருப்ப முடிவது அதனால்தான். எனக்கு இரண்டுமே நடுவில் ஒடிந்திருந்தன.

மயக்கம் கொடுத்து, இழுத்துச் சரிபண்ணி, விரல்கணு முதல் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். “பத்து நாள் கழிச்சுப் பார்ப்போம்” என்றார் டாக்டர். பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டில் கிடைத்தது.

வார்டுக்கு சிஸ்டர் ரோசா. மலாக்காப் போர்த்துகீசியக் குடும்பம். பருத்த உடம்பு, கனத்த குரல், யாருக்கும் பயப்படாதவர். நானும் அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவள் என்று தெரிந்ததும், “அப்படின்னா நீ பாதி நர்ஸ், கட்டுக்குள்ள குச்சி விட்டுச் சொறியக் கூடாதுன்னு உனக்குச் சொல்லத் தேவையில்ல” என்றார். அன்றைக்கு மத்தியானமே ரவிக்கை ஊசியை விட்டுச் சொறிந்து மாட்டிக்கொண்டேன்.

இடது கையால் சோறு சாப்பிடக் கூச்சமாக இருந்தது. மீனாச்சி அக்கா தினமும் தூக்கில் சாப்பாடு கொண்டுவந்து, கட்டிலில் உட்கார்ந்து உருட்டி ஊட்டிவிடுவார். புளி கரைத்த மீன் குழம்பு, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. நாலாம் நாள், “வசந்தாவுக்குத் தலை பின்னிவிட ஆள் இல்லையே, நீங்கதான் செய்றீங்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“நான் ஏன் செய்றேன்? உன் புருஷன்தான் பின்னுறாரு. கயிறு முறுக்குற மாதிரி முறுக்குறாரு. பிள்ளை தலையில கப்பலையே கட்டலாம்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தபோது என் தலையையும் பின்னிவிடச் சொன்னேன். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கப்பட்டுக்கொண்டே பின்னினார். உண்மையிலேயே கப்பல் கட்டுகிற பின்னல்தான். மூன்று நாள் அவிழவில்லை.

பத்தாம் நாள் எக்ஸ்ரேயில் எலும்புகள் நழுவியிருந்தன. டாக்டர் கோ படத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தால் செய்தி நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

“மூணு வழி இருக்கு” என்றார் டாக்டர். “இப்படியே கட்டோட விடலாம். எலும்பு கூடிடும், ஆனா கோணலாக் கூடும். உள்ளங்கை திரும்பாது. எழுதலாம், சமைக்கலாம். இவங்க வேலை செய்ய முடியாது.”

எனக்கு அதை அவர் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் தலை வெளியே வரும்போது உள்ளங்கை மேலே பார்த்திருக்க வேண்டும். அது திரும்பாவிட்டால் நான் மருத்துவச்சி இல்லை.

“ரெண்டாவது, கையைத் திறந்து எலும்பு மேல தகடு வச்சுத் திருகாணி போட்டு முடுக்கணும். எலும்புக்கு ஒண்ணு, ரெண்டு தகடு, பன்னிரண்டு திருகாணி. ஆஸ்பத்திரியில ஸ்டீல் தகடு இருக்கு. அதுக்கு நீங்க காசு கட்ட வேண்டாம். ஆனா மறைக்காமச் சொல்லணும். போன வருஷங்கள்ல வச்ச ஸ்டீல் தகட்டுல சிலது கெட்டுப்போயிருக்கு. சுத்தியிருக்கிற சதை கறுத்து, திருகாணி தளர்ந்து, மறுபடியும் திறந்து எடுக்க வேண்டி வந்திருக்கு. சிலது நல்லா இருக்கு. ஏன் அப்படின்னு எனக்குத் தெரியல. மூணாவது, கோபால்ட் கலந்த புது உலோகத்துல செஞ்ச தகடு. உடம்பு அதை ஒண்ணும் செய்யாதுங்கிறாங்க. சாகுற வரைக்கும் உள்ள இருக்கலாம். சிங்கப்பூர்ல வாங்கணும், உங்க காசு.”

“எவ்வளவு?” என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் சொன்ன தொகை வீட்டுக்காரருடைய ஒரு மாசச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

மறுநாள் அவர் காகிதத்தோடு வந்தார். என்னிடம் காட்டவில்லை. அவர் டாக்டரைப் பார்க்கப் போன நேரத்தில் சட்டைப் பையிலிருந்து விழுந்ததை சிஸ்டர் ரோசா எடுத்து என் மடியில் போட்டார். நேராகக் கோடு போட்டு மூன்று கட்டம். ஒவ்வொன்றுக்கும் கீழே: தகட்டின் விலை, ஆஸ்பத்திரி நாட்கள், மறுபடியும் அறுக்க நேர்ந்தால் இன்னும் எத்தனை நாள், என் சம்பளம் எத்தனை மாசம் போகும், எத்தனை வருஷம் நான் வேலை பார்க்கலாம். இலவசத் தகடு கெட்டுப்போனால் விலை கூடின தகட்டைவிட அதற்குத்தான் செலவு அதிகம் என்று கணக்கு வந்திருந்தது. கடைசி வரிசைக்கு ‘வலி’ என்று தலைப்பு. அதில் மூன்று கட்டத்திலும் எண் எதுவும் இல்லை. ‘சரோவைக் கேட்க வேண்டும்’ என்று பென்சிலில் எழுதியிருந்தார்.

அவர் என்னைக் கேட்கவேயில்லை. அன்றைக்கே ரேடியோ வாங்கச் சேர்த்த பணத்தை எடுத்துச் சிங்கப்பூர் கடைக்கு மணியார்டர் அனுப்பிவிட்டார்.

“என்னங்க, சுதந்திர அறிவிப்பை ரேடியோவுல கேக்கணும்னு ஒரு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தீங்களே” என்றேன்.

“மீனாச்சி அக்கா வீட்டுல கேட்டுக்கலாம். அவங்க ரேடியோ சத்தம் நம்ம வீட்டுக்குந்தான் கேக்குது.”

பிறகு காத்திருந்த நாட்கள். நோயாளிக்குக் காத்திருப்பது ஒரு வேலை என்று அங்கேதான் தெரிந்தது. காலையில் கோப்பியும் ரொட்டியும், பத்து மணிக்கு டாக்டர் வருவார், மத்தியானம் தூக்கம் வராத தூக்கம், நாலு மணிக்குப் பார்க்க வருபவர்கள். நான் பிரசவம் பார்த்த பெண்கள் யார் யாரோ வந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்து, “மிஸ்ஸி கிட்ட உன் கையைக் காட்டு” என்று பிள்ளைக்குச் சொல்வார்கள். பிஸ்கட் டின்னும் வாழைப்பழமும் கட்டிலடியில் சேர்ந்துபோய், சிஸ்டர் ரோசா வார்டு முழுக்கப் பங்கு வைத்தார். எல்லாரும் போன பிறகுதான் பயம் வரும். எங்களுக்கு மேலதிகாரியான மேட்ரன் வந்து, வருஷக் கடைசிவரை என் இடத்துக்கு வேறு ஆளைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து நான் மாசங்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

பணம் அனுப்பின எட்டாம் நாள் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது. அந்த அளவில் சரக்குக் கையிருப்பில் இல்லை, இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும், பத்து வாரம் ஆகலாம் என்று எழுதியிருந்தார்கள்.

டாக்டர் கோ கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “அவ்வளவு நாள் முடியாது. இந்த வாரத்துக்குள்ள திறக்கலைன்னா எலும்பு கோணலா இறுகிடும். எங்க கிட்ட இருக்கிற தகட்டைத்தான் வைக்கணும்.”

வீட்டுக்காரர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். தன் மனைவிக்கு மட்டமான சரக்கு வைக்கப் போகிறார்கள் என்று அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. பிறகு, ஸ்டோரில் சரக்கு இறக்கும்போது கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“டாக்டர், கெட்டுப்போன தகட்டுக்கெல்லாம் எந்தத் திருகாணி போட்டீங்க?”

“ஏன்?”

“படகுத்துறை வேலையில பார்த்திருக்கேன். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போட்டா ஆறு மாசத்துல அரிச்சு விழுந்துடும். பித்தளையும் நல்ல சரக்குத்தான், இரும்பும் நல்ல சரக்குத்தான். ஆனா ரெண்டும் ஒட்டி உப்புத்தண்ணியில இருந்தா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். ரத்தமும் உப்புத்தானே டாக்டர்?”

“ரெண்டு உலோகத்தைக் கலக்கக் கூடாதுன்னு நானும் படிச்சிருக்கேன்” என்றார் டாக்டர். “ஆனா டப்பாவுல இருக்கிறது எல்லாம் ஸ்டீல்தான்.”

“எல்லாம் ஒரே தடவை வாங்கின ஸ்டீலா?”

டாக்டர் சிஸ்டர் ரோசாவைத் திரும்பிப் பார்த்தார். சிஸ்டர், “ஜப்பான் சண்டைக்கு முன்னால வாங்கினது கொஞ்சம், அப்புறம் வாங்கினது கொஞ்சம், மிச்சம் விழுந்ததெல்லாம் ஒரே டப்பா” என்றார். சொன்னவுடனே கையை வாயில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். ஸ்டோரில் தரையில் சிந்தும் ஆணிகளைப் பொறுக்குவதற்கு ஒரு லாடக் காந்தம் உண்டு. வீட்டுக்காரர் அதைக் காக்கித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். சிஸ்டர் ரோசா டிரெஸ்ஸிங் அறை மேசையில் வெள்ளைத் துணி விரித்தார், டாக்டர் கோ டப்பாவைக் கவிழ்த்தார். கதவு திறந்திருந்ததால் என் கட்டிலிலிருந்து எல்லாம் தெரிந்தது. பார்வைக்கு எல்லாத் திருகாணியும் ஒன்றுபோலத்தான் பளபளத்தன.

“பழைய ஸ்டீலைக் காந்தம் இழுக்கும். துருப்பிடிக்காத புது ஸ்டீலை இழுக்காது” என்றார் வீட்டுக்காரர். “எங்க ஸ்டோர்ல இப்படித்தான் பிரிப்போம்.”

காந்தத்தைக் கொண்டுபோனார். டிக், டிக், டிக் என்று பாதிக்கு மேல் எழும்பி ஒட்டிக்கொண்டன. மிச்சம் அசையாமல் கிடந்தன. தகடுகளிலும் பாதி ஒட்டின, பாதி ஒட்டவில்லை. இவ்வளவு நாளும் நல்ல தகட்டுக்குப் பழைய திருகாணியையும், பழைய தகட்டுக்குப் புதுத் திருகாணியையும் கலந்து போட்டிருக்கலாம் என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

டாக்டர் கோ ஒட்டாத திருகாணிகளை எண்ணினார். பதின்மூன்று. ஒவ்வொன்றின் தலையையும் புரியையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எல்லாம் ஒரே வகைதான் என்று உறுதிசெய்துகொண்டார். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மிஸ்டர், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீங்க கேட்டீங்க” என்றார். அதைச் சொல்ல டாக்டருக்கு நல்ல மனசு வேண்டும். சிஸ்டர் ரோசா பழைய சரக்கை எல்லாம் வாரி வேறு டப்பாவில் போட்டுச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டார்.

வீட்டுக்காரர் என் கட்டிலுக்கு வந்தார். “பயப்படாத சரோ. மட்டமான சரக்கு இல்ல. கலந்த சரக்குதான் மட்டம்” என்றார். சொல்லிக்கொண்டே என் போர்வையை இரண்டு தடவை இழுத்துவிட்டார். பயம் எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

ஆப்பரேஷனைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சந்தான். ஊசி போட்டார்கள், முகத்தில் மூடி வைத்தார்கள், ஈதர் வாசனை பழுத்த பழத்தையும் மண்ணெண்ணெயையும் கலந்த மாதிரி தொண்டைக்குள் போனது. கண் விழித்தபோது வாந்தி. கை இருக்கிறதா என்று இடது கையால் தடவிப் பார்த்தேன். புது மாவுக்கட்டு ஈரமாக, கனமாக இருந்தது. இரண்டு நாள் வலி பொறுக்க முடியவில்லை. சிஸ்டர் ரோசா கையைத் தலையணையில் உயர்த்தி வைத்து, விரல் நுனிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “ரோஜாப்பூ நிறம், நல்ல நிறம்” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். மூன்றாம் நாள் பசி வந்தது. மீனாச்சி அக்கா கொண்டுவந்த சோற்றை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுதந்திர தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவெல்லாம் கொடி, மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், என்று எழுதின துணி. வீட்டுக்காரர் திடலில் விளக்குக் கட்டுகிற வேலையில் இருந்தார். ஊர்வலம் போன அன்று நான் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு காஜா பெராங் ரோட்டோரம் நின்றேன். வசந்தா என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, எல்லாரும் கையைத் தூக்கி மெர்டேக்காங்கிறாங்க, நீ மட்டும் தூக்கலையே” என்றாள். அவள் கையோடு சேர்த்துத் தூக்கினேன்.

மாவுக்கட்டு எடுத்தது நவம்பரில். உள்ளே இருந்து வந்த கையைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது. மெலிந்து, தோல் உரிந்து, யாருடைய கையோ போல. உள்ளங்கையைத் திருப்பச் சொன்னார் டாக்டர். அரைக்கால் அளவுகூடத் திரும்பவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நேராகக் கூடியிருந்தது, தகடு அசையவில்லை. “இனிமே வேலை உங்க கையில” என்றார்.

அந்த வேலையை வாங்கியவர் மீனாச்சி அக்கா. துருவின தேங்காயைத் துணியில் கட்டிக் கொடுத்து, “பிழி” என்பார். தேங்காய்ப்பால் பிழிய மணிக்கட்டை முறுக்க வேண்டும். முதல் வாரம் நாலு சொட்டுத்தான் விழுந்தது. வலியில் கண்ணீர் அதைவிட அதிகம். “அழு, ஆனா பிழி. எனக்கு இன்னிக்கு நாசி லெமாக் ஆக்கணும்” என்பார். வீட்டில் இரண்டு மாசம் தேங்காய்ப்பால் இல்லாத சாப்பாடே இல்லை. மூன்று பேரும் பருத்துப்போனோம்.

அப்படி ஒருநாள் பிழிந்துகொண்டிருந்தபோதுதான் தபால்காரர் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தார். இங்கிலாந்துத் தகடு. சின்ன மரப்பெட்டி, உள்ளே மெழுகுத் தாளில் இரண்டு தகடும் பன்னிரண்டு திருகாணியும். வெள்ளியைவிட அழகாக இருந்தன. வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, துடைத்து, மறுபடியும் வைத்தார். பெட்டியை அலமாரியில் பூட்டிவிட்டார்.

“திருப்பி அனுப்பலாமே?” என்றேன்.

“அனுப்ப மாட்டேன். உன் கையில இருக்கிறது ஒருநாள் கெட்டுப்போச்சுன்னா? அப்போ பத்து வாரம் காத்திருக்கணுமா?”

நான் மறுபடியும் தேங்காயைப் பிழிய உட்கார்ந்தேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிஸ்டர் ரோசா என்னை வார்டுக்குக் கூட்டிப்போனார். என் பழைய கட்டிலுக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒரு தமிழ்ப் பெண். பெயர் அஞ்சலை, பத்து பெரெண்டாம் என்ற ஊருக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். சரிவில் வாளியோடு விழுந்திருக்கிறாள். வலது முன்கை, இரண்டு எலும்பும். என்னைப் போலவே நழுவிவிட்டது.

“தகடு வைக்கலையா?” என்றேன்.

“தகடு இருக்கு. அதுக்கேத்த திருகாணி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு” என்றார் சிஸ்டர் மெல்ல. “பன்னிரண்டு உன் கையில இருக்கு. புதுசு கேட்டு எழுதியிருக்கு, எப்ப வரும்னு தெரியல.”

அஞ்சலை என்னைப் பார்த்துச் சிரித்தாள். “டாக்டர் கட்டோட விட்டுடலாம்ங்கிறாரு அக்கா. கை கூடிடுமாம். ஆனா கத்தி பிடிச்சுத் திருப்ப முடியாதாம். பால் வெட்ட மணிக்கட்டுத்தானே வேணும்? பாவம், நல்ல டாக்டர், என்ன செய்வாரு.” அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். அவள்தான் டாக்டருக்காகப் பரிந்து பேசினாள்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெட்டியைக் கொடு என்று சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதியில் கையை நிறுத்தினார்.

“நீ என்ன சொல்ற, சரோ?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“உன் கை...”

“என் கை நல்லா இருக்கு. நீங்களே காந்தம் வச்சுப் பார்த்த சரக்கு.”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேசவில்லை. காகிதத்தில் கோடு போடுகிறாரா என்று பார்த்தேன், போடவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து வர நேரமானது. வந்தபோது, “அந்தப் பொண்ணைப் பார்த்துட்டு வந்தேன்” என்றார். “ரெண்டு பிள்ளையாம். புருஷன் இல்ல. என்னைப் பார்த்து, ‘நீங்க அந்த அக்கா வீட்டுக்காரரா, உங்க பின்னலைப் பத்தி சிஸ்டர் சொல்லிச் சிரிச்சாங்க’ன்னுச்சு.” அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தார். என்னிடம் நீட்டி, “ஒருதடவை தொட்டுக் கும்பிட்டுக்கோ” என்றார். எதற்கு என்று தெரியாமலே தொட்டுக் கும்பிட்டேன். மறுநாள் காலை டாக்டர் கோவிடம் கொடுத்துவிட்டு, யார் கொடுத்தது என்று அவளிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம்.

புது வருஷம் பிறந்ததும் நான் வேலைக்குப் போய்விட்டேன். முதல் பிரசவம் ஒரு சீன வீட்டில், பெண் குழந்தை. தலை என் வலது உள்ளங்கையில் வந்து இறங்கியது. கை முழுசாகத் திரும்பவில்லை. முன்னே இருந்ததில் கொஞ்சம் குறைவு, ஆனால் போதும். அந்தக் குழந்தைக்கு என்ன தெரியும், ஓங்கி அழுதது.

சில மாசம் கழித்து, டாக்டர் கோ எங்கள் இருவரையும் ஒரே நாளில் வரச் சொன்னார். என்னை, அஞ்சலையை. பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். என் கையில் ஆஸ்பத்திரி டப்பாத் தகடு. அவள் கையில் இங்கிலாந்துத் தகடு. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் இரண்டிரண்டு தழும்பு.

“திருப்புங்க.”

திருப்பினோம். மேலே, கீழே, மறுபடியும் மேலே. டாக்டர் குனிந்து பார்த்தார், எக்ஸ்ரேக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வீட்டுக்காரர் லீவு போட்டு வந்திருந்தார். பென்சில் காதில் இருந்தது.

“ஒரே மாதிரிதான் இருக்கு” என்றார் டாக்டர். “நாலைஞ்சு வருஷம் போனா வித்தியாசம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ரெண்டு கையை வச்சு எது ஒசத்தின்னு சொல்லிட முடியாது. ஆனா கலக்காம வச்சோம்னு மட்டும் சொல்லுவேன்.”

தம்பிக்காகக் கேட்ட அந்த மனுஷருக்கு நான் சொல்ல முடிந்த பதிலும் இதுதான். எந்தத் தகடு என்று கேட்பதற்கு முன்னால், தகடும் திருகாணியும் ஒரே சரக்கா என்று கேளுங்கள். காசு இருந்து, காத்திருக்க நாளும் இருந்தால் விலை கூடினதை வாங்குங்கள். இல்லாவிட்டால் பயப்படாதீர்கள். நாலு வருஷமாக என் கை கறுக்கவும் இல்லை, தளரவும் இல்லை.

அன்றைக்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி வாசல் கடையில் டீ குடிக்கப் போனோம். அஞ்சலை பெஞ்சில் உட்கார்ந்து தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“அண்ணே, நீங்க ஸ்டோர் கிராணின்னு சிஸ்டர் சொன்னாங்க. இது மாதிரி தகடு என்ன விலை இருக்கும்? யாரோ எனக்குக் கொடுத்தாங்களாம். ஒரு நாளைக்காவது கொஞ்சம் கொஞ்சமா அடைக்கணும்னு நினைக்கிறேன்.”

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“தெரியலம்மா” என்றார். “இந்தச் சரக்கு எங்க ஸ்டோருக்கு வர்றதில்ல. பிள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிக்குதுங்க?”

அவள், பெரியவன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கிறான் என்று ஆரம்பித்து, சின்னவள் காக்காயைப் பார்த்து என்ன சொல்வாள் என்பதுவரை சொல்லிக்கொண்டே போனாள். கடைக்காரர் இன்னும் ஒரு டீயைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். சூடாகத் தளும்பத் தளும்ப இருந்தது. அஞ்சலை அதை வலது கையால் எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் என் பக்கம் நீட்டினாள். நானும் வலது கையால் வாங்கிக்கொண்டேன்.